பாலாம்பிகை பார்த்த நெருப்பு

சனிக்கிழமை காலை தாயும் மகனும் சேர்ந்து சுவரில் ஒரு புத்தகத் தட்டு அடித்தார்கள். தாய் பாலாம்பிகை பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மகன் யோகேந்திரன் நடுவில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். அவன் நில அளவையாளன். குமிழி நடுவில் நின்றால்தான் அவனுக்கு உலகம் நேராக இருக்கும்.

“சரி அம்மா. இனி அசைக்காதேங்கோ.”

“தம்பி, இது சரிவு.”

“குமிழி நடுவிலை நிக்குது.”

“குமிழி நிக்கும். வீடு சரிவெல்லே? நிலம் அங்காலை சாயுது, முகடு இங்காலை சாயுது. இது மட்டும் நேரா நிண்டால், பாக்கிற சனம் இதைத்தான் கோணல் எண்டு சொல்லும்.”

கண்டியில், கட்டுக்கலைக்கு மேலே மலையை வெட்டிக் கட்டிய பழைய வீடு. அவர் சொன்னது பொய்யல்ல. யோகேந்திரன் பலகையின் ஒரு முனையை ஒரு விரற்கடை இறக்கி அடித்தான். தொழில் தொடங்கி ஐந்து வருடத்தில் அவன் தெரிந்தே கோணலாகச் செய்த ஒரே வேலை அது. பாலாம்பிகை இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, “இப்பத்தான் நேர்” என்றார். பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

வியாழக்கிழமை, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம் முடிகிற நேரம், பாலாம்பிகை கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். 1937. ஐம்பது வயது. இருதயம் என்றார் டாக்டர். யோகேந்திரன் தலையாட்டினான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் “லண்டன் பீ.ஏ. டீச்சர்” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்த இரண்டு எழுத்து வீட்டுக்கு வந்த பாடு அவர்களுக்குத் தெரியாது.

பாலாம்பிகை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கண்டிப் புகையிரத நிலையத்தின் சாமான் கொட்டகையில் கிளாக்கராக இருந்த சோதிலிங்கத்தைக் கட்டி, இருபது வயதில் மலைநாட்டுக்கு வந்தார். வந்த அடுத்த வருடமே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. போகப்போக மேல்வகுப்பின் ஆங்கில இலக்கியம் அவர் கைக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் அந்த வகுப்பைத் தன் வீட்டு அடுப்படி போல ஆண்டார். அங்கே வேறு யாரும் சாக்கட்டியைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது.

1930இல் புதிய அதிபர் வந்தார். வெள்ளைக்காரி. கெட்டவர் அல்ல. பாலாம்பிகையை அறைக்குக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து, இரண்டு பிஸ்கற்றும் கொடுத்து, விசயத்தைச் சொன்னார்: 1936 ஜனவரி முதல் மேல்வகுப்பு இலக்கியத்தைப் பட்டதாரிகள் மட்டுமே படிப்பிக்கலாம். மற்றவர்களுக்குக் கீழ்வகுப்பு.

அன்று பின்னேரம் சோதிலிங்கம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே.

“நான் பீ.ஏ. செய்யப் போறன்.”

“பீ.ஏ.யோ? ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“நாற்பத்திமூண்டு வயதிலை? கொழும்புக்குப் போய்ப் பெடியளோடை வாங்கிலை இருக்கப் போறீரோ?”

“வீட்டிலை இருந்து படிப்பன். லண்டன் சோதினை. வெளிவாரி.”

“வேறை சுகமான பாடம் ஒண்டும் இல்லையோ காணும்? சரித்திரம், கிரித்திரம்?”

“இலக்கியம்தானே என்ரை வகுப்பு.”

சோதிலிங்கம் மற்றக் கையையும் வெளியே எடுத்தார். “சரி. சோறு?”

“சோறு வெளிவாரி இல்லை.”

அதோடு அந்த விவாதம் முடிந்தது. சோதிலிங்கத்துக்கு அடுத்த ஐந்து வருடம் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. உப்புத்தான் சில நாள் வராது. சில நாள் இருமுறை வரும்.

படிப்பு தபாலில் நடந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. கையெழுத்தில் இரண்டு முதலெழுத்து மட்டும். பாலாம்பிகை கட்டுரை எழுதிக் கப்பலுக்கு அனுப்புவார். ஏழு கிழமைக்குப் பிறகு அது சிவப்பு மையோடு திரும்பி வரும். அதற்குள் தான் என்ன எழுதினார் என்பதே அவருக்கு மறந்திருக்கும். யாரோ ஒரு மாணவியின் கொப்பியைத் திருத்துவது போலத் தன் கட்டுரையை முதலில் தானே திட்டுவார். பிறகு சிவப்பு மையைப் பார்த்து, கட்டுரைக்காகச் சண்டை பிடிப்பார். சண்டைக்குப் பதில் வர இன்னும் ஏழு கிழமை.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலமும் பாடத்தில் இருந்தது. அதைச் சத்தமாகப் பாடமாக்குவார். பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா தொண்டை வருத்தம் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்து அனுப்பினார். பாலாம்பிகை அதைக் குடித்துவிட்டுத் தொடர்ந்து படித்தார்.

1932இல் இடைநிலைச் சோதனையில் தேறினார், சித்தி. 1934இல் இறுதிச் சோதனை.

இறுதிச் சோதனையில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பயிற்சிக்காக “குளிர்கால மாலை” என்ற தலைப்பில் ஒன்றை எழுதித் தபாலில் போட்டார். வெளியே வெண்பனி, உள்ளே கணப்பு நெருப்பு, நெருப்பைச் சுற்றிக் குடும்பம், பாட்டி, பூனை. எல்லாம் புத்தகங்களில் இருந்து வந்தவை. பூனைகூட. கொழும்புக்குப் போய்ச் சோதனையிலும் கிட்டத்தட்ட அதையே எழுதினார். திரும்பி வந்த பிறகுதான் பயிற்சிக் கட்டுரை தபாலில் வந்தது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அடியில் ஒரே ஒரு சிவப்பு வரி: “இதை எங்கே பார்த்தீர்கள்?”

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகையில் பெயர்ப்பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

பாலாம்பிகை அழவில்லை. அந்தச் சிவப்பு வரியை எடுத்து வந்து கணவனுக்கு முன்னால் வைத்தார்.

“நியாயமான கேள்விதானே?” என்றார் சோதிலிங்கம். “நீர் வெண்பனியைக் கண்டனீரே? பனங்கிழங்கைத்தானே கண்டனீர்.”

“ஓம். நான் காணேல்லை. பதினாறு வருசமாக் காணாததைத்தான் படிப்பிச்சனான்.”

அன்றே ஒரு குறிப்புப் புத்தகம் போட்டார். இலக்கியத்தில் வருவன, நான் காணாதன. பார்த்தால் பேனையால் வெட்டுவது. பார்க்காமல் இனி எழுதுவதில்லை. மேல்வகுப்பைக் காப்பாற்ற இன்னும் ஒரேயொரு சோதனைதான் மிச்சம். அந்த நேரத்தில் மனிசி பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்புகிறாவே என்று சோதிலிங்கம் தலையில் கைவைத்தார். வைத்தாலும், முதலில் உதவியவர் அவர்தான்.

கொழும்பிலிருந்து வரும் சாமான் வண்டியில் ஹோட்டலுக்கென்று ஐஸ்கட்டி வரும். மரத்தூளில் பொதிந்து, சாக்குப் போட்டு. ஒரு நாள் கொட்டகையில் ஒரு மூலை உடைந்து விழுந்தது. சோதிலிங்கம் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு மலையேறினார். அவர் அவசரப்படுகிற மனிதர் அல்ல. வழியில் இரண்டு பேர் கதை கேட்டார்கள். நின்று பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி, ஈரக் கைலேஞ்சியை நீட்டினார்.

“இந்தாரும். உம்மடை குளிர்காலம்.”

பாலாம்பிகை பிழிந்து பார்த்தார். மரத்தூள் மட்டும் இருந்தது.

“ஐஸ் வேறை, வெண்பனி வேறை” என்றார்.

“கொண்டந்தவனுக்கு ஒரு நன்றி இல்லை” என்று சோதிலிங்கம் கோபித்துக்கொண்டு குளிக்கப் போனார். வெண்பனி பட்டியலில் வெட்டப்படாமலே கிடந்தது.

கணப்பு நெருப்பைக் கண்டுபிடித்தவன் யோகேந்திரன். அப்போது அவன் புசல்லாவைப் பக்கம் தோட்ட எல்லை அளந்துகொண்டிருந்தான். ஒரு மழை நாளில் துரையின் பங்களாவில் ஒதுங்கியபோது, அங்கே சமையல் பார்க்கும் அழகமுத்து தேத்தண்ணி கொடுத்தார். உள்ளே கணப்பு இருந்தது. அம்மாவின் பட்டியலில் இருந்த கணப்பையும் ப்ரிம்ரோஸ் பூவையும் பற்றிச் சொன்னான். அழகமுத்து சிரிக்கவில்லை. யோசித்தார்.

“சனிக்கெழம கூட்டிட்டு வாங்க சர்வேயர் ஐயா. தொரை டெனிஸ் ஆடக் கிளப்புக்குப் போயிருவாரு. இருட்டுனாத்தான் வருவாரு. தொரசாணியும் புள்ளைங்களும் சீமையில. பயமில்ல.”

1935 தை மாதம். பாலாம்பிகை கோயிலுக்குப் போவது போல நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் குறிப்புப் புத்தகம். பங்களா வாசலில் அழகமுத்து வெள்ளைச் சட்டையோடு நின்றார். நாற்பது வயதிருக்கும். முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு தகரக் கூரைக்குக் கீழே நாலு பூச்சட்டி.

“நீங்க பாக்கணும்னு சொன்ன பூவு இதாங்க. ப்ரிம்ரோஸ். தொரசாணி போறப்ப என் கையில ஒப்படைச்சது. வெயிலு பட்டாச் சாவும், மழை பட்டாச் சாவும். பெத்த புள்ளைக்குக்கூட நான் இப்புடிக் கொடை புடிக்கல.”

பாலாம்பிகை குனிந்தார். மேலும் குனிந்தார். செடி சட்டி மண்ணோடு கிடந்தது. ஒரு சாணுக்கும் குறைவு. வெளிர் மஞ்சளில் இரண்டு பூ.

“இதுவோ?”

“இதாங்க.”

பெயரில் ரோஸ் இருப்பதால் அதை ஆளுயரப் புதர் என்றே அவர் நம்பியிருந்தார். பதினாறு வருடமாகக் கரும்பலகையில் அதை வேலி மேலே படரவிட்டிருந்தார். “தம்பி, எத்தினை பிள்ளையளுக்கு இதை மரமாக்கி விட்டிட்டன்” என்றார். யோகேந்திரன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

உள்ளே அழகமுத்து கணப்பை மூட்டினார். பின்னேரம் நாலு மணி. வெளியே நல்ல வெளிச்சம்.

“ஒக்காருங்க டீச்சரம்மா. தொரை கதிரை கடிக்காது.”

பாலாம்பிகை விளிம்பில் இருந்தார். ஐந்து நிமிடம் நெருப்பைப் பார்த்தார். பிறகு கதிரையைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு மறுபக்கம் திருப்பினார்.

“தம்பி, முகம் வேகுது, முதுகு விறைக்குது. ஒரு புத்தகத்திலையும் ஒருத்தரும் முதுகைப் பற்றி எழுதேல்லை.”

“தொரையும் அதத்தான் சொல்லுவாரு” என்றார் அழகமுத்து. “தோசை மாதிரித் திரும்பித் திரும்பி ஒக்காருவாரு. சீமைக் கடுதாசி வர்ற அன்னிக்கு மட்டும் திரும்ப மாட்டாரு. படிச்சிட்டு நெருப்பையே பாத்துக்கிட்டு இருப்பாரு. வெறகு வைக்க உள்ள போனா, ‘அழகமுத்து, ஒன் ஊரு எது?’ம்பாரு. ‘இங்கதான் பொறந்தேன் தொரை’ம்பேன். ‘அப்ப ஒனக்குக் கடுதாசி எழுதுற வேலையே இல்ல’ம்பாரு. மாசம் ஒருவாட்டி இதையே கேப்பாரு.”

“நீங்கள் இதிலை குளிர் காயிறேல்லையோ?”

“நானா? எனக்கு வேறங்க. தொரை படுக்கப் போனப்புறம் சூட்டோட சாம்பல ஒரு சட்டியில அள்ளிக்கிட்டு எங்காளுங்க இருக்குற லயத்துக்குப் போவேன். எங்க ஒத்தறைக் காம்பிராவுல மூணு புள்ளைங்க, பக்கத்துக் காம்பிராவுல நாலு. சட்டியச் சுத்திப் படுத்துக்கும். விடியிற வரைக்கும் சூடு தாங்கும்.”

“துரைக்குத் தெரியுமோ?”

அழகமுத்து ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டார். “தெரியும்னு நெனைக்கிறேன். கொஞ்ச நாளா, படுக்கப் போறப்ப ஒரு கட்டை கூடுதலாப் போட்டுட்டுப் போறாரு. எதுக்குன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.”

பாலாம்பிகையின் பென்சில் நின்றது. அன்று குறிப்புப் புத்தகத்தில் அவர் எழுதியது முதுகைப் பற்றிய ஒரு வரி மட்டுந்தான்.

மறுநாள் அவர் தபாலட்டைகள் வாங்கினார். முகவரி தெரிந்த பழைய மாணவிகள் எல்லாருக்கும் ஒன்று. “ப்ரிம்ரோஸ் பற்றி நான் சொன்னது பிழை. அது மரமல்ல, புதருமல்ல. தரையோடு கிடக்கும் சிறு செடி. நேரில் பார்த்தேன். திருத்திக்கொள்ளவும்.” சோதனைக்கு ஐந்து மாதம் இருக்கையில் ஒரு கிழமை இதில் போயிற்று. சோதிலிங்கம் அரசாங்க முத்திரைத் தாளை வாசிப்பது போல ஒவ்வொரு அட்டையையும் கவனமாக வாசித்துவிட்டு, “அரசாங்கமே தன்ரை பிழையை இப்பிடி ஒத்துக்கொண்டதில்லை” என்றார்.

பதில் போட்டவர்கள் ஆறு பேர். திகனையில் கடைக்காரர் ஒருவரைக் கட்டியிருந்த ஹபீலாவின் பதிலைப் பாலாம்பிகை பலமுறை வாசித்துச் சிரித்தார்: “டீச்சர், எனக்கு மூணு புள்ள. மூத்த ரெண்டு பேருக்கும் மரம் எண்டே சொல்லிக் குடுத்திட்டன். மூணாவதுக்குச் செடி எண்டு சொல்றன். பொறகு மூணு பேரும் அடிபட்டா நீங்கதான் வந்து வெலக்கணும்.”

ஜூன் மாதம் கொழும்பில் சோதனை. கட்டுரைத் தாள் அன்று யோகேந்திரன் குடையோடு வெளியே நின்றான். பாலாம்பிகை கடைசி ஆளாக வந்தார். விரலெல்லாம் மை.

“என்ன தலைப்பு அம்மா?”

“நாலு குடுத்தவங்கள். நான் ‘வீடு’ எண்டதை எடுத்தனான்.”

“என்ன எழுதினீங்கள்?”

“சாம்பலைப் பற்றி.”

யோகேந்திரன் குடையை மடிக்க மறந்தான். மழை விட்டிருந்தது.

“ஒரு நெருப்பு, ரெண்டு வீடு. சட்டியைத் தூக்கிக்கொண்டு போற மனிசன்ரை பக்கத்தாலை நிண்டு எழுதினன். முதுகையும் விடேல்லை. பூனை இல்லை.”

வீட்டில் இதைக் கேட்ட சோதிலிங்கம் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். “வீட்டைப் பற்றிக் கேட்டவனுக்குச் சாம்பலைக் குடுத்திட்டு வந்திருக்கிறீர். நல்ல சகுனம் காணும். ஜனவரியிலை கீழ்வகுப்புத்தான். ஏ ஃபோர் அப்பிள்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பாலாம்பிகை எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அடுத்த மூன்று மாதமும் பாலாம்பிகை ஒவ்வொரு நாளும் மேல்வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் தானே துடைத்தார். முன்பு மாணவிகள்தான் துடைப்பார்கள்.

கொழும்புப் பத்திரிகை காலைப் புகையிரதத்தில் வரும். கட்டு பிரிக்கும் இடத்தில் சோதிலிங்கம் தினமும் நிற்கத் தொடங்கினார். உலகச் செய்தி பார்க்கிறேன் என்று சொன்னார். முன்பு அவர் உலகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. சோதிலிங்கம் கொட்டகையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, கட்டுக்கலை ஏற்றம். வாசலுக்கு வந்தபோது பேச்சு வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துப் பாலாம்பிகை அரிவாள்மணையை விட்டு எழுந்தார். அவர் பத்திரிகையை நீட்டினார்.

மூன்றாம் வகுப்பு. பட்டியலின் அடியிலிருந்து இரண்டாவது பெயர்.

பாலாம்பிகை அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

“என்னத்துக்கு இப்பிடி ஓடி வந்தனீங்கள்? கடதாசி உருகாது.”

சோதிலிங்கம் வாசற்படியில் இருந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதிபர் கைகொடுத்தார். ஜனவரியில் மேல்வகுப்பு பாலாம்பிகையிடமே இருந்தது. சாம்பலால் சித்தியா, சாம்பல் இருந்தும் சித்தியா என்று லண்டன் சொல்லவில்லை. அது பெயரை மட்டுந்தான் சொல்லும்.

“அழகமுத்துவுக்குப் போய்ச் சொல்லவேணும்” என்றார் பாலாம்பிகை, முடிவு வந்த கிழமையே.

“நான் திங்கள் அங்கைதான் போறன். சொல்லிவிடுறன்.”

“சித்தி எண்டு மட்டும் சொல்லு. எழுதினதை நான்தான் வாசிச்சுக் காட்டவேணும். தமிழிலை.”

யோகேந்திரன் சொன்னான்; சாம்பல் சட்டி கட்டுரையில் வந்ததும் வாய்தவறி வந்துவிட்டது. அழகமுத்து கையைத் துடைத்துக்கொண்டு, “டீச்சரம்மா பாஸா! அதுல என்னப் பத்தி எழுதுனாங்களா? தொரைக்குத் தெரிஞ்சிராதே?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “என்னங்க எழுதுனாங்க?” என்று கேட்டார்.

“அம்மா வந்து வாசிப்பா.”

“வரச் சொல்லுங்க. நம்மளப் பத்தி யாரும் எழுதுனதில்ல.”

பாலாம்பிகை நினைவிலிருந்து அதைத் தமிழில் எழுதினார். நாலு தாள். எழுதிவிட்டு வாசித்தார். பிடிக்கவில்லை.

“இங்கிலீசிலை அவர் அவராத்தான் இருந்தார். தமிழிலை வாத்தியாரா மாறிட்டார். அவரின்ரை சத்தம் வரேல்லை.”

கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். அடுத்த சனி போகலாம் என்றார். அடுத்த சனி தவணைச் சோதனைத் தாள்கள். அதற்கடுத்த சனி மண்சரிவு, பாதை இல்லை. ஆனால் உண்மையான காரணம் அந்த நாலு தாள்தான். அவை எப்போதும் இன்னும் ஒரு கிழமை கேட்டன. தன்னுடைய மாணவிகளிடம் “எழுதினது போதும், தா” என்று பறித்தெடுக்கும் மனுசி, தன்னுடையதை இரண்டு வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை. இதற்கிடையில் யோகேந்திரன் மூன்று தடவை புசல்லாவைக்குப் போனான். மூன்று தடவையும் அழகமுத்து அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் யோகேந்திரன் அம்மாவின் கைப்பையைத் திறந்தான். மாணவிகளின் கொப்பி இரண்டு. சிவப்பு மைப்பேனை. நாலாக மடித்த தாள்கள். மேலே “ஏழாவது முறை” என்று எழுதியிருந்தது. முதல் மூன்று தாளிலும் ஒரு வெட்டும் இல்லை. அழகமுத்து பேசுவது போலவே இருந்தது. நாலாவது தாளில், துரை ஒரு கட்டையைக் கூடுதலாகப் போடுகிற இடத்தில், கடைசி வாக்கியம் வெட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒன்றும் எழுதப்படவில்லை.

அழகமுத்துவுக்கு அதை இன்னும் யாரும் வாசித்துக் காட்டவில்லை.